மதுரையில் இருக்கும் பதினொன்று

ஜூன் 14, 2022
பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு மதியம் அம்மா, அத்தாவோடு மதுரைக்குப் போனேன். கழுத்துக் கட்டியின் பயாப்ஸி ரிசல்ட் வந்துவிட்டது. நிணநீர்ப் புற்றுநோய். "குணமாகக்கூடிய வகைம்மா" என்றார் டாக்டர். அதையே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார் அத்தா. எனக்கு வயது இருபத்தாறு. அழுகை வரவில்லை. பசித்தது.

ஜூன் 16
கீமோ மருந்து கடுமையானதாம். சினைப்பை கெட்டு, பிறகு குழந்தை உண்டாகாமலும் போகலாமாம். அதற்கு முன்பே கருமுட்டைகளை எடுத்து உறைய வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். "கீமோவை மூணு வாரம் தள்ளலாம். அதுக்கு மேல வேணாம்."
வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா காதோடு கேட்டார்: "எது வழியா எடுப்பாங்க?" பிறப்புறுப்பு வழியாகத்தான் என்றேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஜூன் 18
கருமுட்டை எடுக்கும் லேடி டாக்டரைப் பார்த்தோம். அடிவயிற்று வழியாகவும் எடுக்கலாம், ஆனால் என் சினைப்பை இருக்கும் இடத்துக்கு ஊசி எட்டுவது கஷ்டம், கிடைக்கும் முட்டை குறையும் என்றார்.
"குறைஞ்சா குறையட்டும். கல்யாணம் ஆகாத புள்ள. நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன பதில் சொல்றது?" - அம்மா.
எனக்குக் கோவம் வந்துருச்சு. எவனோ நாளைக்குக் கேக்கப்போறதுக்கு இன்னைக்கு நான் ஏன் பயப்படணும்? பெத்துக்கப்போறது நான்தானே?
வழக்கமான வழியிலேயே எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அத்தா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜூன் 19
முட்டைகள் வளர தினமும் வயிற்றில் ஊசி போட வேண்டும். எதிர்வீட்டு சிவனம்மாள் அக்கா நர்ஸ்தான். ஆனால், "அவ காதுக்குப் போனா நம்ம பேகம்பூர் முழுக்கப் போயிரும்" என்று அம்மா, ஆஸ்பத்திரியில் காட்டியதைப் பார்த்துத் தானே போட்டார். ஊசியை வெளியே எடுத்த பிறகுதான் மூச்சே விட்டார்.

ஜூன் 25
வயிறு உப்பலாக இருக்கிறது. அம்மா இப்போது பழகிய நர்ஸ் மாதிரி ஊசி போடுகிறார். பேச்சு மட்டும் இன்னும் அளவோடுதான்.

ஜூலை 1
எடுத்தாயிற்று. மயக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதினொன்று கிடைத்ததாம். "பதினொண்ணும் புள்ளையாகும்னு நினைக்காதீங்க. ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

ஜூலை 5
கீமோ தொடங்கியது.

ஆகஸ்ட் 9
முடி போச்சு. வாந்தி. எழுத முடியலை.

பிப்ரவரி 20, 2023
ஸ்கேன் சுத்தம். அத்தா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதார்.

மார்ச் 3, 2024
மாதவிடாய் திரும்பவே இல்லை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, சினைப்பை இனி வேலை செய்வது சந்தேகம் என்றார் டாக்டர். ஆக, மதுரையில் இருப்பவைதான் எனக்கு.
அம்மாவிடம் சொன்னேன். என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 2, 2025
பழனியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சதாம், அவருடைய அம்மா, மாமா. சமோசாத் தட்டை வைத்த கையோடு அம்மா ஆரம்பித்துவிட்டார்.
"ஃபர்ஹீனுக்குக் கேன்சர் வந்து நல்லாயிருச்சு. தானா உண்டாகாது. ஆனா கருமுட்டை எடுத்து மதுரையில வச்சிருக்கோம். எப்படி எடுத்தாங்கன்னு கேட்டாலும் சொல்றேன். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."
எதிர்வீட்டு அக்காவுக்கே தெரியக் கூடாதென்ற அம்மாவா இது என்று பார்த்தேன். அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். சாயங்காலமே போன் வந்தது. வேண்டாமாம்.
அம்மா போனை வைத்தார். பிறகு, "அடுத்து வர்றவங்ககிட்ட போன்லயே சொல்லிரணும். பலகாரமாச்சும் மிஞ்சும்" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிச்ச சமோசாவை ரெண்டு பேருமாகத் தின்று தீர்த்தோம்.