எண்ணெய் தடவிய கயிறு

15.10.1983
ஆயுத பூஜை. அரிவாள், கடப்பாரை, ஸ்பானர் எல்லாம் துடைத்து எண்ணெய் தடவிப் பொட்டு வைத்தேன். இவருடைய கிணற்றுக் கயிறுகளுக்கும்தான். விறைத்துக் கிடந்த நைலான், விளக்கெண்ணெய் போட்டு நீவியதும் பட்டு மாதிரி ஆகிவிட்டது. முருகா, கிணற்றில் இறங்குகிறவரை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

18.10.1983
கணியம்பாடியில் மோட்டார் தூக்க இறங்கிய இவர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டார். வலது கால் முறிவு. உயிர் இருக்கிறது.

20.10.1983
ஆஸ்பத்திரி. இவர் கிணற்றில் இறங்கி ஏறுவது பட்டாளத்தில் கற்று வந்த ஒரு முடிச்சால். பெரிய கயிற்றின் மேல் சின்னக் கயிற்று வளையத்தை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். பாரம் விழுந்தால் கவ்வும், எடுத்தால் நகரும். இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. மாற்றி மாற்றி நகர்த்தி மேலே வருவார். அன்று கவ்வவில்லை. கட்டியது கூட்டாளி வேதாசலம்.
"மூணு சுத்து சொன்னா ரெண்டு சுத்திருக்கான், பேமானி!" என்று இவர் கட்டிலில் கிடந்தபடி கத்தினார்.
வேதாசலம் வராந்தாவிலேயே நின்று அழுதான். "சாமி சத்தியமா மூணு சுத்தினேன் அண்ணி."
எண்ணெயா? — ச்சே, இருக்காது.

27.10.1983
பார்த்துப் பார்த்தே அந்த முடிச்சு எனக்கும் வரும். அதே கயிற்றை மாட்டுக்கொட்டகை விட்டத்தில் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றி, வளையத்தைப் பிடித்துத் தொங்கினேன். சர்ரென்று இறங்கிவிட்டது.

29.10.1983
பூந்திக்கொட்டை போட்டுத் துவைத்துக் காயவைத்த கயிறு. மறுபடி தொங்கினேன். அசையவில்லை. தொங்கிக்கொண்டே அழுதேன்.

2.11.1983
வேதாசலத்தை யாரும் கிணற்று வேலைக்குக் கூப்பிடுவதில்லையாம். ராணிப்பேட்டையில் தோல் கழுவப் போகிறான். அவன் பெண்சாதி அம்சவேணி குழாயடியில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் சொல்லலையே நான்! வலியில கிடக்கறவர்கிட்ட எப்படிச் சொல்றது — பொய். பயம். அவ்ளோதான்.

5.11.1983
சொல்லிவிட்டேன். இவர் படுத்தபடியே என் பக்கம் திரும்பினார்.
"கயித்துக்கு எவளாவது எண்ணெ போடுவாளாடி?" பிறகு, "நானும் இழுத்துப் பாக்காம இறங்கிட்டேன். அவனை இட்டுக்கினு வா."
ஆள் அனுப்பவில்லை. நானே போனேன். அம்சவேணி எதிரில் சொன்னேன். வேதாசலம் செருப்பை மாட்டிக்கொண்டு என்கூடவே கிளம்பினான்.

3.10.1984
ஆயுத பூஜை. இப்போது இவர் மேலே நிற்கிறார், வேதாசலம் இறங்குகிறான். பூஜையில் வைக்கக் கயிற்றைக் கேட்டேன்.
"பொட்டு வேணா எனக்கு வையுங்க அண்ணி. கயித்துக்கு இன்னாத்துக்கு?"
எல்லோரும் சிரித்தோம். அவனும்தான். சாப்பாடு போடும்போது பார்த்தேன் — கயிற்றை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.