மூன்று வாளி உப்புநீர்

என் உயிரான அத்தானுக்கு,

உங்கள் மீன்தொட்டி இப்போது வீட்டில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கடைசி வரி வரைக்கும் பயந்துகொண்டே எழுத வேண்டியிருக்கும்.

நீங்கள் போய் இது இரண்டாவது மழைக்காலம். கரமனை ஆறு கலங்கி ஓடுகிறது. நம் ஃபிளாட்டில் லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கு உங்களை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேராகப் படியிறங்கினோமே, அதே படிகளில்தான் இப்போதும் ஏறி இறங்குகிறேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசி வார்த்தை என்ன தெரியுமா? “லில்லி, சால்ட்டை மாத்திராத, கேட்டியா?” தொட்டியில் கலக்கும் உப்பைச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு வேறு ஏதாவது சொல்வீர்கள் என்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் என்னை இந்த வீட்டுக்குள் கட்டிப்போட்டது.

பவளம் வளரும் தொட்டியை விட்டு ஒரு நாள் நகர முடியாது என்பது உங்களுக்குத் தெரியாதா? தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு அப்படியே நிற்கும். தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி அளவைச் சரிசெய்ய வேண்டும். தானாக ஊற்றும் கருவி ஒன்று வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள், வாங்கவில்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போனேன், தாலி கட்டியதும் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். “உனக்கு எங்களைவிட மீனுதான் பெருசா அக்கா?” என்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து தங்கச்சி அழுதாள்.

இதற்கிடையில் நீங்கள் வாங்கும் உப்பு வருவது நின்றுபோனது. கடைக்காரர் வேறு ஒரு பையைத் தூக்கி வைத்தார். “டீச்சரே, இது அதைவிட கிடுவாக்கும், ஒண்ணாந்தரம். பவளம் சடசடன்னு வளரும்” என்றார். நம்பி வாங்கிக் கலக்கி, வழக்கம்போல் தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கை மாற்றினேன். இரண்டாவது முறை மாற்றிய பிறகு, மான்கொம்பு மாதிரி நிற்குமே அந்த ஊதாப் பவளம், அதன் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. மற்றவை வாயை மூடிக்கொண்டன. கோமாளி மீன்கள் இரண்டும் மூலையில் ஒண்டிக்கொண்டன.

எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது அத்தான். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவள் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டு, இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? “நீ தொடாத லில்லி, கெட்டுப்போகும்” என்பீர்கள். தொடாத என்றதைத்தான் கடைசியில் என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

அந்தக் கோபத்தில்தான் வேலையைத் தொடங்கினேன். உங்கள் பழைய பையின் அடியில் கொஞ்சம் உப்பு மீதி இருந்தது. அதை ஒரு பாட்டிலில் கலக்கி, இதுதான் அளவுகோல் என்று ஓரமாக வைத்தேன். பிறகு கடையில் கிடைத்த மூன்று வகை உப்பையும் வாங்கிவந்து குளியலறையில் மூன்று வாளிகளில் வடிகட்டிய தண்ணீர் பிடித்து, ஒவ்வொன்றிலும் சின்ன மோட்டார் ஓடவிட்டு, தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, சுண்ணாம்புச் சத்து கட்டியாகி வீணாகும். இதை நீங்கள் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, எனக்கே தெரியும்.

முதல் வாளியில் இருந்தது மீன் மட்டும் வளர்ப்பவர்களுக்கான உப்பு. கரையவே நேரம் எடுத்தது, அடியில் சாம்பல் நிறத்தில் மண்டி தங்கியது. சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தால் கால்சியம் குறைவு. இரண்டாவது வாளி, கடைக்காரர் புகழ்ந்த அந்தக் ‘கிடு’ உப்பு. நொடியில் கரைந்து கண்ணாடி மாதிரி நின்றது. ஆனால் காரத்தன்மை பார்க்கும் குழாயில் நீலம் மஞ்சளாக மாறுவேனா என்றது. சொட்டு விட்டுக்கொண்டே இருந்தேன். உங்கள் உப்பைவிட மிக அதிகம். மறுநாள் மோட்டாரின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. நிறையத் தீனி கொடுத்து வளர்க்கும் தொட்டிக்கு அது சரியாக இருக்கலாம். நம் தொட்டியில் தண்ணீர் சுத்தம், தீனி குறைவு. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பவளத்தின் நுனி வெளுத்துவிட்டது. மூன்றாவது உப்பின் பை பார்க்க ஒன்றுமில்லை, பேர்கூடச் சரியாக அச்சாகவில்லை. ஆனால் எல்லா அளவும் உங்கள் பாட்டிலோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. மக்னீசியம் மட்டும் துளி குறைவு.

சால்ட்டை மாற்றிவிட்டேன் அத்தான். ஒரேயடியாக இல்லை, ஒவ்வொரு வாரமும் கொஞ்சமாக. பவளம் திரும்ப வாய் திறந்த அன்றைக்குத் தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். சொல்ல ஆளில்லை.

பல் டாக்டர் ஷைனியை நினைவிருக்கிறதா, கவடியாரில் உங்களைவிடப் பெரிய தொட்டி வைத்திருப்பவர்? பவளம் வெளுத்த சமயம் அவரிடம்தான் போனில் கேட்டேன். தேறிய பிறகு பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “டீச்சர், ஒற்றைக்கு இதைப் பார்க்கிறது பெரும் பாடாணு. வேணும்னா நான் முழுக்க எடுத்துக்கறேன். டீச்சருக்கு மகன்கிட்டப் போய் நிக்கலாமல்லோ?” என்றார்.

“வேண்டாம் டாக்டர், இப்ப வேண்டாம்” என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு யோசித்தேன். விட்டுப்போக முடியவில்லையே என்று இத்தனை நாள் அழுதேன். ஒருவர் வந்து கதவைத் திறந்துவிடுகிறேன் என்றதும் எதற்குப் பயந்தேன்?

பெங்களூருக்குத்தான் பயந்தேன். நம் ஜெபின் மோசமானவன் இல்லை, உங்களுக்குத் தெரியும். எனக்கென்று ஒரு அறை ஒதுக்கிவைத்திருக்கிறான். நீங்கள் இருந்தபோது, தொட்டியை உங்களிடம் விட்டுவிட்டு அங்கே போய் ஒரு மாதம் இருந்தேனே. காலையில் அவனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்கும் எண் எனக்கு மனதில் நிற்காது. பேத்தியும் நானும் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். “வீட்டை வித்திரலாம்மா, இஞ்ச வந்து நில்லுங்க” என்று அவன் கேட்கும்போதெல்லாம், “அப்பாவோட தொட்டி இருக்கே மக்கா” என்பேன். அதற்கு மேல் அவனால் பேச முடியாது. என்னைப் பூட்டிவைத்த தொட்டியை வைத்தே நான் அவனை வாசலில் நிறுத்திவைத்திருந்தேன்.

டாக்டர் கேட்டதை நானேதான் ஒருநாள் பேச்சுவாக்கில் அவனிடம் உளறினேன். அடுத்த வாரம் சொல்லாமல் வந்து நின்றான்.

“எம்மா, டாக்டர்கிட்ட நான் பேசியாச்சு. சனிக்கிழமை ஆளோட வந்து எடுத்துக்கிடுவாங்க. இனி என்ன தடை? டிக்கெட்டும் போட்டுட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா ஜெபின்?”

“நீங்கதானே சொன்னீங்க, தொட்டியினாலதான் வர முடியலன்னு?”

அவன் சொன்னதில் என்ன தப்பு? அப்படித்தான் சொல்லியிருந்தேன். உங்களையே போல இடுப்பில் கைவைத்து நின்றான். எனக்கு இனி ஒளிய இடமில்லை.

“தொட்டி போகட்டும். ஆனா நான் வரல்ல மக்கா.”

“பின்னே? இஞ்ச ஒத்தைக்கு இருந்து என்ன செய்யப் போறீங்க?”

“தெரியல்ல. எனக்கு அங்க வந்து இருக்க மனசில்ல. மீனுக்காக இல்ல, அப்பாவுக்காக இல்ல. எனக்கு மனசில்ல.”

அவன் முகம் சுருங்கியது. “எங்ககூட இருக்க மனசில்லியா?” என்று கேட்டான். சின்ன வயதில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்று கேட்ட அதே குரல். அப்படியில்லை என்று சொல்லி அவனைக் கட்டிப்பிடித்திருந்தால் அந்த நிமிடமே எல்லாம் சரியாகியிருக்கும், நானும் பெட்டி கட்டியிருப்பேன். “உன்ன பிடிக்கும். அந்த வீட்டுக்குள்ள என்னால மூச்சுவிட முடியல்ல” என்றேன். அவன் பால்கனிக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை டாக்டர் வந்தார். பவளங்களைத் தொட்டித் தண்ணீரோடு வாளிகளில் இறக்கினோம். கோமாளி மீன்கள் வலைக்குள் வர மறுத்தன. பாறையையெல்லாம் எடுத்த பிறகுதான் சிக்கின. லிஃப்ட் இல்லாததால் ஜெபினும் டாக்டரோடு வந்த ஆளும் ஒவ்வொன்றாகச் சுமந்து இறக்கினார்கள். மூன்றாவது உப்பின் பையை டாக்டரிடம் கொடுத்து, “உடனே உங்க உப்புக்கு மாத்திராதீங்க. பையைத் திறக்கதுக்கு முன்னால நல்லா உருட்டுங்க, இல்லேன்னா கனமானது அடியில தங்கிரும். மழைக்காலத்துல வாயை இறுக்கிக் கட்டணும்” என்றேன். “ஓ, டீச்சர் சொன்னா பின்னே அப்பீல் உண்டா?” என்று சிரித்தார்.

ஜெபின் அன்று சாயங்காலமே ரயில் ஏறினான். படியில் நின்று, “கால் வலிச்சா மேலயும் கீழயும் நடக்காதீங்க” என்று மட்டும் சொன்னான். அதன்பிறகு மருமகள்தான் போன் செய்கிறாள். அவன் பக்கத்தில் இருப்பது தெரிகிறது, பேச மாட்டேன் என்கிறான். கோபம் எப்போது தணியும்? உங்கள் பிள்ளை, உங்களுக்குத்தான் தெரியும்.

ஹாலில் இப்போது மோட்டார் சத்தம் இல்லை. விடுதலை என்று இதைத்தான் சொல்கிறார்களா என்று தெரியவில்லை. இடி இடித்தால் இன்னும் இன்வெர்ட்டரைப் பார்க்க எழுந்துவிடுகிறேன். போன வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போய் அவள் பழைய கோபத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை உட்கார்ந்திருந்தேன். எனக்கே போதும் என்று தோன்றிய பிறகுதான் கிளம்பினேன்.

ஒன்று மட்டும் உங்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் பிள்ளையை நான் விட்டுவிட மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு அவன் கூப்பிடாவிட்டாலும் போய் நிற்பேன். அந்தக் கதவு எண்ணை மருமகளிடம் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவேன். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடப்பேன். போவதற்கும் வருவதற்கும் சேர்த்தே டிக்கெட் எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்
லில்லி புஷ்பம்