தெளிவு துடைத்த கோடு

வியாழனின் நிலவான யூரோப்பா, பனி நிலையம். எழுதுவது ஜெபக்கனி. இங்கே இருக்கும் ஒரே ஆள்.

நாள் 212, காலை 9:10
எல்லாம் வழக்கம்போல. பனிமேட்டுக்கு அப்பால் இருக்கும் இறங்குதளத்துக் கேமரா மணிக்கொரு படம் எடுத்துத் தள்ளுகிறது. எல்லாம் ரா ஃபைல், கேமரா கண்டது கண்டபடி. இங்குள்ள கதிர்வீச்சு ஒவ்வொரு படத்திலும் மெல்லிய கோடுகளைக் கிழித்துவைக்கிறது. படங்களை அடுக்கித் திருத்த ஒரு மென்பொருள் வேண்டும். நிலையத்துக்கும் இங்கே வந்துகொண்டிருக்கும் விண்கப்பலுக்கும் ஒன்றே இருக்கட்டும், நீயே தேர்ந்தெடு என்று தலைமையகத்தில் சொல்லிவிட்டார்கள். கப்பலில் ஆறு பேர். ஓட்டி வருபவள் என் தங்கை பெனிட்டா.

வெளிச்சம், தெளிவு என்று இரண்டு மென்பொருள்கள் சோதனையில் இருக்கின்றன. வெளிச்சம் ஒரு படத்தைத் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. தெளிவு சட்டென்று திறக்கிறது. எது குப்பைக் கோடு என்று கேட்டுக் கற்றுக்கொள்கிறது. நானும் ஒரு வாரம் கோடு கோடாகக் காட்டிக்கொடுத்தேன். இப்போது கேட்பதே இல்லை, தானே துடைக்கிறது. கேட்காமல் உதவி செய்பவர்களைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். ஆனாலும் அதையே தேர்ந்தெடுத்தேன். கப்பலிலும் போட்டுவிட்டார்கள்.

நாள் 219, மதியம் 1:40
பனி அதிர்ந்தது. மேசையில் இருந்த குவளை நகர்ந்தது. தெளிவு காட்டும் படத்தில் தளம் சலவைக்குப் போய்வந்த வேட்டி மாதிரி இருக்கிறது. இவ்வளவு அதிர்ந்தும் ஒரு சுருக்கம்கூட இல்லையா? எனக்கு இது பிடிக்கவில்லை.

நாள் 220, காலை 8:05
வெளிச்சத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அதே படத்தை அதில் திறந்தேன். தளத்தின் குறுக்கே கருப்பாக ஒரு விரிசல். நேற்றைய படத்தைவிட இன்றைய படத்தில் அகலம். தெளிவுக்கு அதுவும் ஒரு கோடுதான். இறங்காதீர்கள் என்று சொல்லி ரா ஃபைலையே கப்பலுக்கு அனுப்பினேன்.

மாலை 4:30
பெனிட்டா: “அக்கா, படம் பாத்தோம். தரை நல்லாத்தான இருக்கு.”
அதைத் தெளிவில் திறந்திருக்கிறார்கள். அங்கே வேறு மென்பொருள் இல்லை. திருத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். அணைத்துவிட்டுத்தான் பார்த்தார்களாம். பொய் சொல்கிறது. அவர்கள் இல்லை, அது. திறக்கும்போதே துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் இருக்கிறது.

நாள் 221, காலை
விரிசல் மேல் தடிமனாகச் சிவப்புக் கோடு இழுத்து அனுப்பினேன்.
பெனிட்டா: “செவப்புக் கோடா? அப்படி ஒண்ணும் இல்லக்கா. ஆறு பேரும் பாத்தாச்சு. நீ சரியா தூங்குதியா?”
கேலி இல்லை, பாசமாகத்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. மென்பொருளை நம்பாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தனியாக இருந்து எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள். வேறு தளம் தேட அவர்களிடம் எரிபொருளும் இல்லை.

நாள் 222, காலை
பெனிட்டா: “இறங்க ஆரம்பிச்சாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல ஒன்ன வந்து பாக்கேன். பயப்படாதக்கா.”
வேண்டாம் என்று கத்தினேன். நான் கத்தக் கத்த அவர்கள் சந்தேகம்தான் உறுதியானது.

நேரம் பார்க்கவில்லை
தரை ஒருமுறை பலமாக அதிர்ந்தது. ரேடியோவில் இரைச்சல் மட்டும். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்த படம் வந்துவிட்டது. நான் சொல்லாமலே தெளிவு அதைத் திறந்து காட்டியது. தளம் சுத்தமாக இருக்கிறது. கப்பல் இல்லை.

கப்பலையும் குப்பை என்று துடைத்திருக்கலாம். துடைத்திருக்க வேண்டும். வெளிச்சத்தில் திறந்தால் தெரிந்துவிடும். பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அழுத்த முடியவில்லை. பெனிட்டா, பேசு. நான் இதை அழுத்துவதற்குள் ஒரு வார்த்தை