ஓடுகிற தண்ணீரில்

2009 ஜூன் 14, ஞாயிறு, காலை ஏழு இருபது. உன் பெட்டியில் தூண்டில் முள் முப்பத்தொன்று, றப்பர்ப் புழு ஒன்பது. மூடியைத் திறந்ததும் அந்தப் புழுக்களின் இனிப்பு நாற்றம் லண்டன் ஈஸ்ட் ஹாம் அறை முழுக்கப் பரவிவிட்டது. ஜன்னலைத் திறக்கவில்லை.

இந்த வாரம்தான் நாம் வடக்கே ஏரிக்குப் போயிருக்க வேண்டும். குளிர் விட்டதும் பேர்ச் மீன் ஆழத்திலிருந்து கரைப்பக்கம் ஏறும் என்று கணக்குப் பார்த்து, இருவருக்கும் லீவு நாள் குறித்தவன் நீ. ஏப்ரலில் வேன் விபத்தில் போய்விட்டாய். என் லீவு மட்டும் நிற்கிறது.

போன கோடையில் அதே ஏரியில், இருபது அடி ஆழத்துக் கல்லும் தெரிந்தது, மீனும் தெரிந்தது, ஒன்றும் கொத்தவில்லை. நான் கரையில் அங்கும் இங்கும் நடந்தேன்.

“டேய் இஞ்சினியர், உன்ரை சப்பாத்துச் சத்தத்துக்கு மீன் ஸ்கொட்லாந்துக்கே போயிட்டுது. இரடா.”

“மூண்டு மணித்தியாலம் இருந்தாச்சு மச்சான்.”

“தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. நீ அதைப் பாக்கிறாய், அது உன்னைப் பாக்குது. ஆர் முதல்ல அலுக்கிறதெண்டதுதான் விளையாட்டு.”

நான்தான் அலுத்தேன். வேனுக்குள் போய்ப் படுத்துவிட்டேன். ஆறு மீன் பிடித்து, மீனின் தோல் கெடாமல் கையை நனைத்துத் தூக்கி, ஆறையும் திரும்ப விட்டதாகப் பிறகு சொன்னாய். ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

இங்கே உனக்கு வேறு ஆள் இல்லாததால் உன் சாம்பல் என்னிடம். ஏரியில் கரைக்கப்போகிறேன் என்றதும் யாழ்ப்பாணத்திலிருந்து உன் அம்மா போனில் கேட்டார்: “தம்பி, அந்தத் தண்ணி ஓடுறதோ? தேங்கி நிக்கிற தண்ணியிலை என்ரை பிள்ளையை விட்டிடாதையப்பு.”

“ஓம் அம்மா, ஓடுது.”

பார்த்துச் சொல்லவில்லை. அவர் அழுவதைக் கேட்க ஏலாமல் அவசரத்தில் சொன்னது. பிறகுதான் வரைபடத்தை விரித்தேன். நாம் நின்ற இடம் அசையாத குடா. ஆறு புறப்படும் வாய் தெற்கு முனையில், நான்கு மைல் தள்ளி. அங்கே நீலக் கோடு இருக்கிறது. ஜூனில் தண்ணீர் ஓடுமா என்று கோடு சொல்லாது. தேம்ஸ் கிட்டத்தானே என்கிறார்கள் கூட்டாளிகள். அதன் நிறத்தை நீ திட்டிய திட்டு அவர்களுக்குத் தெரியாது.

நின்று பார்ப்பது என்ற ஒன்றுதான் உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதுவும் பிந்தித்தான் வந்தது. இனிச் செய்யப்போவது:

1. செவ்வாய் காலை புறப்படுவது. சாம்பல் கரைக்க ஏரிக்காரர் தந்த அனுமதிக் கடிதத்தை எடுத்துக்கொள்வது.
2. தெற்கு முனைக்கு நடந்துபோய், ஆற்றுவாயில் ஓர் இலையைப் போட்டுப் பார்ப்பது.
3. இலை நின்றால் சாம்பல் ஜாடியைத் திறக்காமல் ஆற்றோடு கீழே நடப்பது, ஓடும் இடம் வரும்வரை.
4. அங்கிருந்து அம்மாவுக்குப் போன் எடுத்து, பார்க்காமல் சொன்னேன் என்று சொல்வது.
5. போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடிப்பது. அவர் ஓடும் சத்தத்தைக் கேட்டு ‘ஓம்’ சொன்ன பிறகு கரைப்பது.