நோபுயா வேண்டாமென்ற பெனால்டி

ஷியோமி,
டிசம்பர் 20

அன்புள்ள மசுமிக்கு,

இங்கே அப்பாவும் தம்பியும் நானும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் பனி விழுந்த நாளிலிருந்து மாடிப்படியில் முனகுகிறது. நீயும் அந்தச் சிலி நாட்டுக் கடலில் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நாங்கள் கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது உனக்கு அங்கே கோடை என்பது ஆறு வருஷமாகியும் என் மண்டையில் ஏறவில்லை. போன வாரம் போனில், அணி கீழே இறங்கிவிட்டதாமே, அப்பா ஏன் மேளம் அடிக்கப் போகவில்லை, தம்பி நோபுயா ஏன் பதிலே போடுவதில்லை என்று அடுக்கடுக்காகக் கேட்டாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் ஒன்றுமில்லை என்று மழுப்பிவிட்டேன். இன்று அவர் மீன் கூட்டுறவுச் சங்கத்தின் வருஷக் கடைசி விருந்துக்குப் போயிருக்கிறார், வர நேரமாகும். முதலிலிருந்து சொல்கிறேன்.

உனக்குக் கால்பந்து விவரம் அவ்வளவாகத் தெரியாது. மூன்றாம் பிரிவில் இருபது அணிகள். கடைசியில் நிற்பது நேராக நான்காம் பிரிவுக்குப் போய்விடும், அங்கே போனால் தொழில்முறை அணி என்ற பேரே கிடையாது. பத்தொன்பதாவது அணி, நான்காம் பிரிவின் இரண்டாம் அணியோடு இரண்டு ஆட்டம் ஆடித் தப்பிக்கப் பார்க்கலாம். நம் ஷியோமி அணி மார்ச்சில், ரசிகர்களே மண்வாரி எடுத்துப் பனி வாரிக் கொடுத்த மைதானத்தில் ஆட ஆரம்பித்து, முதல் ஏழு ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஜூனில் பயிற்சியாளரை மாற்றினார்கள். புதிதாக வந்த இகராஷி, பத்து வருஷமாகத் தடுப்பாட்டம் ஆடிக்கொண்டிருந்த உன் தம்பியை இருபத்தொன்பது வயதில் முன்வரிசைக்குத் தள்ளினார். இவனும் ஐந்து கோல் போட்டான். காலையில் பயிற்சி, மதியம் முதியோர் இல்லத்தில் வேலை, சாயங்காலம் இங்கே வந்து நான் வைத்த மிசோ சூப்பை நின்றபடியே குடித்துவிட்டுத் தன் வாடகை அறைக்குப் போய்த் தூங்குவான். அப்பா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோலுக்குப் பின்னால் நின்று அந்தப் பெரிய மேளத்தை அடிப்பார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி மினாசே அணி இங்கே வந்தது. அவர்களும் எங்களைப் போலவே அடியில் கிடந்தவர்கள், இரண்டு புள்ளிதான் வித்தியாசம். ஆளுக்கு ஒரு கோல், ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் இருக்கும்போது நோபுயா பந்தோடு கோல் கட்டத்துக்குள் நுழைந்தான், மினாசேக்காரன் ஒருவன் காலை நீட்டினான், இவன் விழுந்தான். நடுவர் விசில் ஊதிப் பெனால்டி என்று கையைக் காட்டினார். மைதானமே எழுந்து நின்று கத்தியது. உன் தம்பி எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, நேராக நடுவரிடம் போய் ஏதோ சொன்னான். நடுவர் திரும்பக் கேட்டார், இவன் தலையை ஆட்டினான். அவர் பெனால்டியை ரத்து செய்துவிட்டார். "அவர் என்னைத் தொடவே இல்லைங்க, நானா வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னானாம், பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றாகவே முடிந்தது. அப்பா மேளக் குச்சிகளைப் பக்கத்தில் நின்ற ஹருஹி என்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, என்னைக்கூடக் கூப்பிடாமல் வீட்டுக்கு நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நோபுயா வழக்கம்போல வந்தான். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "நல்லவனா இருக்கறதுக்கு உனக்கு வேற நாளே கெடைக்கலியாடா?" என்றார். இவன், "வழுக்கினது எனக்குத் தெரியுமேப்பா" என்றான். "தெரிஞ்சா வாயை மூடிட்டு இரு. ஊதினது நடுவரு, நீயா ஊதின? அந்தப் பெனால்டி உன் ஒருத்தனோடதா? ககுவோட பொண்டாட்டிக்கு ஜனவரில பிரசவம். அணி எறங்கினா அவன் எங்க போவான்? உன் மனசு சுத்தமா இருக்கறதுக்கு அவன் ஏன் வேலையத் தொலைக்கணும்?" என்று கேட்டார். ககு என்பவன்தான் அணித் தலைவன், போன ஒபோன் பண்டிகைக்கு நம் வீட்டில் வந்து சாப்பிட்டானே, அந்த நெட்டை. நோபுயா சூப்புக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அப்பா இருக்கும் நேரத்தில் அவன் இங்கே வரவில்லை. மசுமி, உண்மையைச் சொன்னால் அப்பா கேட்டதில் தப்பில்லை என்று எனக்கும் தோன்றியது. நோபுயா பக்கம் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஊர் வாயை மூடவில்லை. நான் வேலை செய்யும் டோஃபு கடைக்கு வந்த ஒருத்தி, "மீதிச் சில்லறைய எண்ணிப் பார்க்க வேண்டாம், மகான் பெத்த தாயாச்சே" என்று சிரித்தாள். தொலைக்காட்சியில் ஒருவர் அவனைப் புகழ்ந்து பேசினார், அது இன்னும் மோசம். முதியோர் இல்லத்தில் தொண்ணூற்று நாலு வயது தோமே என்ற அம்மாள், அவன் கஞ்சி ஊட்டும்போது, "மொதல்ல கோலப் போட்டுருக்கணும் மடப்பயலே, அப்புறமா மன்னிப்பு கேட்டுக்கலாம்ல" என்றாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரித்தான். ககு ஒரு வாரம் அவனிடம் பேசவில்லை. பிறகு ஒருநாள் உடை மாற்றும் அறையில், "உன்மேல கோவந்தான். ஆனா என் புள்ள பெரிசானா இந்தக் கதைய எப்படிச் சொல்றதுன்னு தெரியலடா" என்றானாம்.

நவம்பர் கடைசியில் கணக்கு முடிந்தது. மினாசே பதினெட்டாவது, நாங்கள் பத்தொன்பதாவது, ஒரே ஒரு புள்ளி. அந்தப் பெனால்டியைப் போட்டிருந்தால் இடம் மாறியிருக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிழைப்பதற்கான முதல் ஆட்டத்தை வெளியூரில் ஒன்றுக்குச் சுழியம் என்று தோற்றார்கள். இரண்டாவது ஆட்டம் இங்கே, ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டியது. அப்பா வரமாட்டேன் என்று மீன்வலைக் கிடங்குக்குப் போனவர், பாதி ஆட்டத்தில் மைதான மூலையில் மழைக்கோட்டோடு நின்றதை நான் பார்த்தேன். ஹருஹி மேளம் அடித்தாள், அவர் பக்கத்தில் போகவில்லை. நாங்கள் ஒரு கோல் போட்டு மொத்தக் கணக்கைச் சமன் செய்தோம், கூடுதல் நேரமும் முடிந்து பெனால்டி உதைகளுக்கு வந்தது. நோபுயா தன்னுடையதைப் போட்டான். ககு அடித்தது கம்பத்தில் பட்டு வெளியே போனது. அவ்வளவுதான், இறங்கிவிட்டோம். ககு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான், உன் தம்பி அவன் பக்கத்தில் அந்த மழையில் குந்தியிருந்தான். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து யார் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறாய், மினாசே. உங்களைப் போல ஒரு ஆள் எங்களுக்கு வேண்டும் என்றார்களாம். அதைச் சொல்ல நோபுயா முதல் தடவையாக அப்பா இருக்கும்போது வந்தான். அப்பா, "போ" என்றார். இவன், "ககுவ எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். எடுத்துக்கிட்டாங்க. நான் இங்கயே இருக்கேன், எறக்கினவனே ஏத்தணும்ல" என்றான். அப்பா தேநீரைத் தள்ளி வைத்தார். "நீ பண்ணினது தப்புன்னுதான் இப்பவும் சொல்லுவேன்" என்றார். "சொல்லுங்கப்பா" என்றான். "நான்காம் பிரிவுல எந்தெந்த ஊருக்குப் போகணும்?" என்று கேட்டார். இருவரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும் என்று சண்டை போட்டார்கள். நான் முள்ளங்கி ஊறுகாய் நறுக்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். அன்று என் இருக்கை கோல் கட்டத்துக்கு நேர் எதிரே இருந்தது. மினாசேக்காரன் கால் நோபுயாவைத் தொடவில்லை, ஒரு சாண் இடைவெளி இருந்தது, நான் கண்ணாரப் பார்த்தேன். பார்த்தும், விசில் ஊதியவுடன் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்திக் கைதட்டினேன். நடுவரிடம் அவன் போனபோதும், சொல்லாதே, சொல்லாதே என்றுதான் மனசுக்குள் கெஞ்சினேன். இந்த இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு நியாயத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் முறைத்துக்கொண்டார்கள், என்னிடம் ஒருவரும் நீ என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. உனக்கு மட்டும் சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும்.

படகில் போகும்போது உயிர்காப்பு அங்கியின் கொக்கியை மாட்டு, சும்மா தோளில் போட்டுக்கொண்டு நிற்காதே, நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன். உலர்ந்த பெர்சிமன் பழமும் கடற்பாசியும் தனிப் பார்சலில் வருகின்றன. தம்பிக்கு ஒரு வரி எழுது, பந்தைப் பற்றி எதுவும் கேட்காதே. வரும் வருஷம் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நல்லவர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா