அப்பா காரின் இன்ஜின் இப்போது என் வேனில்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், சித்தப்பா, வேன் மூவரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் இருமல், சளி இல்லாமல் இருக்கிறீர்களா?

வேனை வாங்கிப்போக நீ அனுப்பிய பழைய இரும்பு வியாபாரி நேற்று வந்தார். நல்ல மனுஷர், காபி கொடுத்தேன், வேனைக் கொடுக்கவில்லை. ஒரு விலை சொல்லி, ஓடாத வண்டிக்கு இதுவே அதிகம்மா என்றார். நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன், வேன் ஓடியது. மனுஷர் காபியை ஆறவிட்டு நின்றார்.

எப்படி என்கிறாயா, கோபப்படாமல் படி. வேன் இன்ஜின் போனது சித்தப்பாவால்தான். இந்த நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்கள் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், காரில் சின்னது, வேனில் பெரியது, வெளியே பார்த்தால் ஒரே முகம். பழுது பார்க்கிறேன் என்று அவர் சின்னதின் கேஸ்கெட்டை, அதுதான் சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் நடுவில் வைக்கும் ஓட்டைத் தகட்டை, வாங்கிப் பெரியதில் போட்டுவிட்டார். போல்ட் ஓட்டை எல்லாம் அச்சாகப் பொருந்த, சிலிண்டர் வட்டம் மட்டும் சிறிசு. ஓரம் உள்ளே நீட்டிக்கொண்டு வெந்து கிழிந்து பிஸ்டனையும் தின்றுவிட்டது. எல்லா ஓட்டையும் சரியா உக்காந்துச்சே அண்ணி என்று இன்னும் புலம்புகிறார். வாயை மூடிக்கொண்டு கார் இன்ஜினைக் கழற்றுங்கள் என்றேன். ஆமாம், அப்பா காருடையதுதான். ஞாபகமாக நிற்கட்டும் என்று நீ துணி போர்த்திவிட்டுப் போனாயே, அதேதான். உன் அப்பா ஒரு நாளாவது போர்த்திக்கொண்டு சும்மா கிடந்திருக்கிறாரா, சொல். போல்ட் போட்ட நாளில் கொஞ்சம் அழுதேன், பிறகு முகம் கழுவிக்கொண்டு ஹோட்டல் படுக்கை விரிப்புகளை எடுத்துவரப் போய்விட்டேன். மேட்டில் முனகுகிறது, மேட்டில் நானும்தான் முனகுகிறேன். இந்த வேன் போனால் சலவைக்குத் துணி ஏற்றும் வேலை போகும், வேலை போனால் உன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து மழை பார்க்க வேண்டியதுதான். என் மேல் உனக்குப் பாசம் இருக்கிறது, தெரியும். எனக்கும் உன்னைப் பார்க்காமல் ஏக்கமாகத்தான் இருக்கிறது. அதற்காக என்னை மூட்டை கட்டி எடுத்துப் போகலாம் என்று நினைக்காதே, நடக்காது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். மாசக் கடைசியில் வருகிறேன், நானே ஓட்டிக்கொண்டு வருவேன், ஒரு வாரம் இருந்துவிட்டு நானே ஓட்டிக்கொண்டு திரும்புவேன். வாசலில் உன் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்து, வேனுக்கு இடம் வேண்டும்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா