இந்த வீட்டில் நீதான் ஊட்டுகிறாய்

தம்பி,

நீ வந்து சேரும்போது நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். அப்பாவைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த முதுகுக்கு நாளைக்கு ஆபரேஷன். நீ வரும்வரை பக்கத்து வீட்டு டீச்சர் துணைக்கு இருப்பார். நீ வந்ததும் அனுப்பிவிடு.

சாப்பாட்டை மிக்ஸியில் அடித்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். சூடு பண்ணி, அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடு. படுத்தபடி கொடுத்தால் புரையேறும்.

அம்மா போனபோது ஆளுக்கு ஒரு மாதம் என்று பேசினோம். அது சனி ஞாயிறு ஆனது. அப்புறம் போன் ஆனது. கடைசியில், “ஒரு ஆள வச்சுக்கோயேன்க்கா” என்று ஆனது.

ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. கண் போனதிலிருந்து அப்பா என் கையால் சாப்பிட மறுத்தார். “சின்னவன் எங்க?” என்று ஒரே பிடிவாதம். ஒரு நாள் பொறுமை போய், அவர் காதில், “நான்தாம்பா, சின்னவன்” என்று கத்தினேன். காதும் மந்தம்தானே, நம்பி வாயைத் திறந்தார். அன்றிலிருந்து இந்த வீட்டில் நீதான் ஊட்டுகிறாய், நீதான் துடைத்துவிடுகிறாய். வருகிறவர்களிடமெல்லாம் உன் புராணம்தான். பெரியவள்தான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லையாம்.

சாவி ஆணியில் தொங்குகிறது. இதையாவது தொலைக்காதே.

மறந்துவிட்டேன்: ஊட்டும் முன் கையைத் தடவிப் பார்ப்பார். என் கை காய்த்துப்போன கை. உன் கையை நம்ப மாட்டார். “யாரு நீ?” என்றால், பெரியவள் என்று சொல்லிவிடு. “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்று திட்டுவதற்காவது வாயைத் திறப்பார். அந்த நேரம் பார்த்து ஊட்டிவிடு.